கடைத்தெருவில் ஒரு குடம் தண்ணீர்

கருங்குழிக் கடைத்தெருவில் பொழுது புலரும் முன்பே கலவை இயந்திரம் கத்தத் தொடங்கிவிட்டது. செல்லம்மா சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் கிரானைட் பலகையை ஏற்றிக்கொண்டாள். கழுத்து நரம்பு சுண்டி இழுத்தது. தொண்டையில் சிமெண்டுத் தூசி. பக்கத்திலேயே குடம் நிறையத் தண்ணீர் இருந்தும் அவள் குடிக்கவில்லை.

சித்தாள் பெண்கள் ஏழு பேரும் அப்படித்தான். குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை. தெருவை அழகாக்குகிறோம் என்று வந்தவர்கள் முதலில் இடித்தது பழைய கழிப்பறையைத்தான். அதன் பின்னால் இருந்த முள்புதரையும் வழித்தெடுத்துப் புல்தரை போட்டு, கம்பிவேலி கட்டிவிட்டார்கள். புதுக் கழிப்பறை கட்டி முடித்து ஒரு மாதமாகிறது. அதில் ஒட்டிய டைல்ஸையெல்லாம் தலையில் சுமந்தவள் செல்லம்மா. கதவிலோ பூட்டு. வெள்ளிக்கிழமைதான் திறப்பு விழாவாம். ஆண்கள் எங்காவது சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். பெண்கள் இருட்டிலிருந்து இருட்டுவரை அடக்கிக்கொண்டு கல் சுமந்தார்கள். தூ, இதற்குப் பெயர் அழகு!

அவர்களில் இளையவள் ஜெபா. அவள் வேலைக்கு வந்த முதல் நாளே செல்லம்மாதான் சொல்லிக்கொடுத்தாள்: "தண்ணி குடிக்காத பாப்பா. ஒரு புளியங்கொட்டய கன்னத்துல ஒதுக்கிக்க. நாக்கு காயாது." இருபது வருடமாக அவள் பிழைத்த வித்தை அது.

பத்து மணி வெயிலில் ஜெபா சுருண்டு விழுந்தாள். நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து நான்கு நாளாகியும் வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. தலையிலிருந்த பலகை அவள் பாதத்தின்மேலேயே இறங்கியது. மோர் வண்டிக்காரி கண்ணகி ஓடிவந்து தூக்கினாள். ஆட்டோவில் ஏற்றும்போது ஜெபாவின் வாயிலிருந்து அந்தப் புளியங்கொட்டை உருண்டு செல்லம்மாவின் காலடியில் விழுந்தது.

காண்ட்ராக்டர் சரவணகுமார் காரைவிட்டு இறங்கினான்.

"நாஸ்தா துன்னாம வந்துருப்பா. அதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சே, கல்ல தூக்குங்க. வெள்ளிக்கெழம பெரிய ஆளுங்க வராங்க."

"சாவி எங்க கீது?" என்றாள் செல்லம்மா.

"இன்னா சாவி?"

"கக்கூஸ் சாவி."

அவன் சிரித்தான். "அது பப்ளிக்குக்கும்மா. நீங்க சிமெண்ட் காலோட பூந்து நாறடிச்சிட்டா, போட்டோ எப்டி எடுக்கிறது?"

நாறுவது யார் என்று செல்லம்மாவுக்குத் தெரியும். கன்னத்தில் ஒதுக்கியிருந்த புளியங்கொட்டையை அவன் பளபளத்த ஷூவருகே துப்பினாள்.

"அடக்கிக்கினு வேல செய்யுன்னு அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தவ நானு. அந்தப் பாவம் என்னோட. இனிமே எவளும் அடக்க மாட்டா. சாவி வர்ற வரைக்கும் ஒரு கல்லும் நவுராது."

"வேற ஆள எறக்குவேன்."

கல் பாவிக்கொண்டிருந்த கொத்தனார் சடையப்பன் கரண்டியைக் கலவைச் சட்டியில் போட்டார். தினமும் சுவரோரம் போய்வந்த மனிதர்; ஒருநாளும் இந்தப் பெண்களைப் பற்றி யோசித்ததில்லை. அவருக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. "எறக்கு சார். எவன் வந்து கல்லு பாவுறான்னு நானும் பாக்குறேன்."

"எங்களுக்கு மட்டும் போக எடம் கீதா இன்னா?" கண்ணகி வண்டியைத் தள்ளிவந்து கழிப்பறைக் கதவின் முன் நிறுத்தினாள். பின்னாலேயே கடைத்தெருப் பூக்காரிகளும் வந்து குந்தினார்கள்.

"போலீஸக் கூப்புடுறேன்!" சரவணகுமார் போனை எடுத்தான்.

"கூப்புடு."

செல்லம்மா குடத்தைக் கதவருகே இழுத்து, ஒரு சொம்பு முகந்து அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். மற்ற பெண்கள் திகிலோடு பார்த்தார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் அடக்க முடியாது; சாவி வராவிட்டால் இந்த வாசலிலேயேதான் என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு ஒருத்தி கை நீட்டினாள். சொம்பு கைமாறியது. சடையப்பன் போய் இன்னொரு குடம் தூக்கிவந்தார்.

பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. செல்லம்மா அதைப் பார்த்தபடி இரண்டாவது சொம்பை முகந்தாள்.