வலது இடதைத் தாண்டும் வரை

ஓடவிட்டதும் திரையில் ஒரே ஒரு சொல் வந்து நின்றது. இல்லை. மறுபடி ஓடவிட்டேன். இல்லை. அதற்கு மேலே ஏழு எண்கள் ஏறுவரிசையில் நின்றுகொண்டிருந்தன: 7, 15, 28, 34, 41, 52, 63. தேடச் சொல்லியிருந்தது நாற்பத்தொன்றை. ஐந்தாவதாக, பக்கத்து எண்களோடு தோள் உரசிக்கொண்டு அது அங்கேயேதான் இருந்தது. எனக்குத் தெரிகிறது. என் மனைவி எழுதிய கணினி நிரலுக்கு மட்டும் தெரியவில்லை.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் இப்படி ஒரு சின்னப் புதிரைப் போட்டுப் பார்ப்பது அவள் பழக்கம். தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். இதை மட்டும் முடிக்கவில்லை. "சாயந்தரம் வந்து ஓடவிடறேன், ஓடினா கூப்பிடறேன் மாஸ்டர்" என்று என்னிடம் சொல்லிப் போனவள், மதியம் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். இருபத்து மூன்று நாள் ஆகிறது. கணினி அலுவலகத்துடையது. நாளை திருப்பித் தர வேண்டும். அதற்காகத்தான் அவள் தங்கை வந்திருந்தாள். அவளுக்கும் இதே வேலைதான்.

"குடுங்க மாமா, அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடறேன்" என்றாள், என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "பேரெல்லாம் என்ன இப்படி வெச்சிருக்கா? வலது, இடது, நடு... படிச்சாலே தலை சுத்துது. மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா எழுதிடலாம்."

"வேண்டாம்மா. அவ எழுதினதே ஓடணும்."

"நீங்க கார் ஓட்டச் சொல்லித்தர்றவரு. இது வேற வண்டி."

"கிளட்ச் எங்க இருக்குன்னு மட்டும் காட்டு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு, சிரித்ததற்காக வெட்கப்பட்டவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேடும் முறையை என் மனைவி ஒருமுறை எனக்குச் சொல்லித் தந்திருக்கிறாள். நடுவில் இருப்பதை முதலில் பார். தேடுவது அதைவிடப் பெரிதென்றால் முன்பாதியை மறந்துவிடு, சிறிதென்றால் பின்பாதியை. மீதியில் மறுபடி நடுவைப் பார். திரைச்சீலை வழியாக மதிய வெயில் கலங்கலாக விழுந்துகொண்டிருந்தது. இரண்டு விரலால் எழுத்துகளைத் தடவிக்கொண்டிருந்த எனக்கு, ஏழு வீடுகள் கொண்ட ஒரு தெருவில் நடப்பதுபோல் இருந்தது. நடு வீட்டுக் கதவைத் தட்டினால் பாதித் தெரு புகையாகக் கலைந்துவிடும். மிச்சத் தெருவில் மறுபடி நடு வீடு. கடைசியில் ஒரே வீடு, ஒரே கதவு.

என் மனைவிக்கு வலதும் இடதும் கடைசிவரை பிடிபடவில்லை. காரில் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும்போது வாய் வலது என்னும், கை இடப்பக்கம் நீளும். நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளுக்கு வலது, இடது என்று கத்திவிட்டு வருகிறவன் நான். கோபப்பட்டால், "கைதான் சரியா காட்டுதே, வாயை எதுக்குப் பாக்கறீங்க?" என்பாள். நிரலிலும் அதே கதைதான். வரிசையின் ஆரம்பம் அவளுக்கு வலது, முடிவு இடது. வலது இடதைத் தாண்டாத வரை தேடு என்று எழுதியிருந்தாள். தப்பு என்றாலும் தொடக்கம் முதல் ஒரே தப்பாக இருந்தால் வண்டி ஓடும் என்றாள் தங்கை.

"ஒண்ணு பண்ணுங்க. எந்தெந்த நம்பரைப் பாக்குதுன்னு அதையே சொல்லச் சொல்லுங்க."

அவள் சொன்ன இடத்தில் ஒரு வரி சேர்த்து ஓடவிட்டேன். ஒரு எண்ணும் வரவில்லை. இல்லை என்பது மட்டும் வந்தது.

"ஒண்ணையுமே பாக்கல மாமா. தேடாமலே இல்லங்குது."

இந்த நாட்களில் என் மனைவியைக் கேட்டு யாராவது போன் செய்தால், நானும் அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தேன். கீழே எல்லாம் அவள் வழக்கப்படிதான். ஆனால் முதல் இரண்டு வரியில் இடதுதான் ஆரம்பம், வலது முடிவு. ஊர் வழக்கப்படி, சரியாக. தேடல் தொடங்கும்போதே வலது இடதைத் தாண்டிப் போய் நிற்கிறது. பிறகு எங்கே தேடுவது?

அவள் கடைசியாக வேலைக்குப் போன அந்தக் காலைப்பொழுது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் பின்னால் நின்று, "ஏழாவது இருக்கறது வலதுல. இப்படிப் போட்டா லைசென்ஸ் தரமாட்டாங்க" என்று சொன்னது நான். "சரி மாஸ்டர், உங்க ரோடு, உங்க ரூலு" என்று சிரித்தபடி அந்த இரண்டு வரியை மட்டும் மாற்றினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்துவிட்டாள்.

"தப்பு அவளோடது இல்லம்மா. நான் சொல்லித்தான் மாத்தினா."

தங்கை திரையைப் பார்த்தாள், பிறகு என்னை. "ஒண்ணு, கீழ எல்லாத்தையும் மாத்தணும். இல்ல, மேல ரெண்டையும் பழையபடி தப்பாவே போடணும்."

"பழையபடி."

"யாரு படிச்சாலும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவ பக்கமே இருக்கட்டும்."

இரண்டு சொற்களையும் இடம் மாற்றினேன். ஒரு எழுத்து விட்டுப்போய், திரும்ப அடித்தேன். ஓடவிட்டேன். 34 என்றது. 52 என்றது, ஒரு வீடு தாண்டிப் போய்விட்டவளைப்போல. திரும்பி வந்து 41. அதற்கடுத்த வரியில்: இருக்கு.

தங்கை என் கையை விலக்கி, நாற்பத்தொன்றை நாற்பதாக்கிப் பார்த்தாள். அதே 34, அதே 52, அதே 41. பிறகு, இல்லை. "இதுவும் சரிதான்" என்றாள். சரிதான். இது தேடிப் பார்த்துவிட்டுச் சொன்ன இல்லை.

அவள் முகம் கழுவப் போனாள். உள்ளே குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் மறுபடி நாற்பத்தொன்றைப் போட்டு ஓடவிட்டேன். இன்னொரு முறை. இன்னொரு முறை. இருக்கு, இருக்கு என்று அடியிலிருந்து வரிகள் வந்துகொண்டே இருந்தன. பழையவை ஒவ்வொன்றாக மேலே ஏறி, வெயில் பட்டு வெளுத்த திரையின் விளிம்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.