மயில்கழுத்து நிறச் சால்வை

...பக்கத்து சீட்ல இருந்தவங்க வந்துட்டாங்களான்னு பாருங்க, வந்துட்டா கிளம்பலாம் என்று வழிகாட்டிப் பெண் மறுபடியும் சொன்னாள், தலை எண்ணுகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது, ஜோடி ஜோடியாகத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினால் போதும், பஸ் நகர்ந்துவிடும், பின் கதவோரத்து ஒற்றை சீட்டில் இருப்பவளுக்காக யார் தலையாட்டுவது... மணிக்கூண்டிலும் இதே கதை, பாராளுமன்ற வாசலிலும் இதே கதை, ஏறினாளா இறங்கினாளா என்று கேட்க நாதியில்லை, நல்ல ஊர் சுற்றல். தலைநகரைச் சுற்றிக் காட்டுகிறேன், லீவு போடுகிறேன் என்று ஆசை காட்டி வரவழைத்த மகள் நேற்று ஒரு டிக்கெட்டை நீட்டினாள், ஆபீஸில் தலைபோகிற வேலையாம், நீ போய்ப் பாத்துட்டு வாம்மா, அப்புறம் ஊருக்கெல்லாம் திரும்பிப் போக வேண்டாம், இங்கயே எங்கூட இருந்துடேன், அங்க தனியா என்ன பண்ணப் போறே... இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். மனசாரக் கூப்பிடுகிறாளா, நாளைக்கு நாலு பேர் கேட்டால் சொல்வதற்காகக் கூப்பிடுகிறாளா, அதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படிப் பதில் சொல்வது.

குதிரைமேல் உட்கார்ந்த தளபதி சிலையைச் சுற்றி பஸ் திரும்பியபோது எல்லாரும் போட்டோ எடுத்தார்கள், அவள் எடுக்கிறவர்களைப் பார்த்தாள், கிளிப்பச்சை, வெங்காயச்சருகு, அரக்கு, காப்பிக்கொட்டை... துணிக்கடையில் வாழ்நாளெல்லாம் நின்ற கண்ணுக்கு முகம் தங்காது, கலர்தான் தங்கும், போன வருஷம் எலுமிச்சை மஞ்சளில் வந்த வாடிக்கையாளரைக்கூட இந்த வருஷம் சரியாகச் சொல்லிவிடுவாள், முதலாளியே அசந்து போவார். அந்தக் கண்ணோடு பெற்ற மகளுக்குத்தான் கண்ணே கிடையாது போல. முதல் சம்பளத்தில் மகள் வாங்கி அனுப்பிய சால்வை, மயில்கழுத்து நிறம், அசல், வெளிச்சம் விழும் பக்கம் நீலம், மடிப்பில் பச்சை, வெயில் காய்கிற ஊரில் அதைப் போர்த்திக்கொண்டு எங்கே போவது, பெட்டியிலேயே கிடந்தது, இன்றைக்குக் காலையில்தான் முதல் தடவையாகப் போர்த்திக்கொண்டு அடுப்பருகே நின்றாள். என்னம்மா, நான் வாங்கினதா என்று ஒரு வார்த்தை... மகள் காப்பியை எடுத்தாள், யாரோடோ போனில் பேசிக்கொண்டே குடித்தாள், வரேம்மா என்றாள், போய்விட்டாள். அம்மா திரும்பவில்லை, பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தபடியே ம் என்றாள், இந்த வயதில் ஒரு சால்வைக்காக அழுவதா, வெட்கக்கேடு.

மியூசியத்தில் எல்லாரும் வாளையும் பீரங்கியையும் மொய்த்தபோது அவள் துணிகள் இருந்த கூடத்துக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏதோ ஒரு ராணியின் அங்கி, அரக்குச் சிவப்பு என்று எழுதி வைத்திருந்தார்கள், அரக்காவது மண்ணாவது, சாயம் மங்கிய குங்குமச் சிவப்பு, கடையாக இருந்தால் தள்ளுபடியில் போட்டிருப்பார்கள்... சிரிப்பு வந்தது, சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாததால் வந்த வழியே போனது. பெட்டிக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும் நேரம் நெருங்கியது, எழுந்திருக்க வேண்டும், கால் வலி ஒன்றும் இல்லை, ஆனாலும் எழவில்லை. யாராவது தேடுகிறார்களா பார்ப்போமே என்று ஒரு வீம்பு, சின்னப் பிள்ளை மாதிரி... தேடாவிட்டால்? தேடாவிட்டால் பதில் கிடைத்துவிட்டது, ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம், யாருக்கும் பாரமில்லை. நேரம் கடந்தது. கூடம் காலியானது. விளையாட்டு வினையாகிவிட்டது, அந்நிய ஊர், கையில் போன் கிடையாது, மகள் வீட்டு விலாசம்கூட நுனிநாக்கில் இல்லை.

பெட்டிக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம், வழிகாட்டிப் பெண்தான், மூச்சிரைக்கப் போனை ஸ்பீக்கரில் போட்டபடி வந்தாள், டிக்கெட்டில் இருந்தது மகளின் நம்பர்தானே, அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். பின்சீட்டு காலியா இருக்குன்னு டிரைவர் சொல்லித்தான் பார்த்தோம், முகம் சரியா ஞாபகம் இல்லைங்க, இன்னிக்கு என்ன கலர்ல வந்திருக்காங்க, அதைச் சொன்னா தேடிடுவேன் என்றாள். பெட்டிக்குப் பின்னால் அம்மா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"காப்பிக்கலரா... இல்லை, அது நேத்து... தெரியலைங்க. காலைல என் கண்ணு முன்னாலதான் நின்னாங்க, நான் பாக்கலை. எங்கம்மாவை நான் நிமிர்ந்தே பாக்கலை."

மகளின் குரல் உடைந்தது. மாட்டிக்கிட்டியா என்று அம்மாவின் மனசு ஒரு துள்ளு துள்ளியது, கேட்டாயா, காதாரக் கேட்டாயா, ஊர் உலகத்துக்கே தெரியட்டும், இவ்வளவு பெரிய சால்வை, ஆள் உயரத்துக்கு மயில்கழுத்து, அதுகூடத் தெரியவில்லை, நானாக இருந்தால் நீ என்ன போட்டிருந்தாய் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்... காலையில் மகள் என்ன போட்டிருந்தாள்? வெள்ளையா? வெள்ளை முந்தாநாள். நீலக் கோட்டு ஆணியில் தொங்கியது, அதை எடுத்துக்கொண்டு போனாளா... காப்பிக் கோப்பையை வைத்த சத்தம் இருக்கிறது, செருப்புச் சத்தம் இருக்கிறது, வரேம்மா இருக்கிறது, அந்தக் குரல் கொஞ்சம் நின்றுதான் போனது, யாரோ திரும்பிப் பார்ப்பார்கள் என்று நின்ற மாதிரி... நின்றாளா? தொட்டியும் பாத்திரமும் தெரிகிறது, அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை.

எழுந்து நின்றாள். வழிகாட்டிப் பெண் ஓடி வந்து, இதோ இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க என்று போனைக் கையில் திணித்தாள், அம்மா, அம்மா என்று அழுகையும் கோபமுமாக மகளின் குரல், எங்கம்மா போனே. மன்னிப்புக் கேட்பதா, மயில்கழுத்து என்று சொல்லிக் காட்டுவதா, இருந்துவிடுகிறேன் என்பதா...

"நீ இன்னிக்கு என்ன கலர்டி போட்டிருக்கே?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. பதில் வருவதற்காக அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.