ஆடுகிற தரை

ஜாக்கி திருகும் சத்தம் கேட்டபோது, மகள் உயிரடங்கிய அம்மாவின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கிரீச்சென்று தரை ஒரு பக்கம் எழும்பியது. தலையணையில் இருந்த அம்மாவின் தலை மெல்லச் சரிந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

துணியை வாளியில் போட்டுவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினாள்.

மூங்கில் தூண்கள் கருங்கல் மேல் நிற்கிற அந்த வீட்டுக்கு அடியில், மாமாவின் ஆட்கள் இருவர் இரும்பு முட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா, அம்மாவின் அண்ணன், கட்டட கான்ட்ராக்டர். அவர் கட்டிய அத்தனை மாடிக்கும் வரைபடம் போட்டவள் அம்மா. ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. ஓய்வு பெற்றதும் தனக்கென்று ஒரே ஒரு வீடு வரைந்தாள். மூங்கிலைப் போராக்ஸ் தண்ணீரில் ஊறவைத்து, பூச்சி அரித்து உளுக்காதபடி உலர்த்தி, தானே நின்று கட்டினாள். மாமா வந்து பார்த்துவிட்டு, "கோழிக்கூண்டு" என்று சொல்லிப் போனவர்தான். இன்றைக்குத்தான் வருகிறார்.

"அந்த இரும்பை எடுக்கச் சொல்லுங்க மாமா."

"ஏறினா ஆடுதும்மா. கூட்டம் சேந்தா தாங்காது. சாவு வீட்ல இன்னொரு சாவு வேணுமா?"

"ஆடணும்னுதான் வரைஞ்சாங்க. நடுவுல இரும்பைக் குடுத்தா, வளைய வழியில்லாம அங்கதான் ஒடியும்."

"டிக்கெட் கிழிக்கிற உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"பாரம் தெரியும். பஸ் எப்ப முனகும், எப்ப ஒடியும்னு கண்டக்டருக்குத் தெரியாதா?"

மாமா குரலைத் தணித்தார். "என் வீட்டு ஹாலுக்குக் கொண்டு போயிடலாம்டா. மார்பிள் தரை. நாலு பேர் கௌரவமா உக்காருவாங்க."

"அந்த ஹால்ல அம்மா பிளானை வச்சுக்கிட்டு நின்னுதான் பாத்திருக்கேன். உக்காருன்னு நீங்க ஒரு நாளும் சொல்லல."

ஆட்கள் இருவரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா செருப்பு நுனியைப் பார்த்தார். அவளே குனிந்து உள்ளே போய் ஜாக்கியைப் பின்பக்கமாகத் திருகினாள். தரை பெருமூச்சு விட்டதுபோல் இறங்கி அமர்ந்தது.

வாசலில் தெருவே நின்றிருந்தது. யாரும் ஏறவில்லை. இந்த வீட்டில் நாலைந்து பேருக்கு மேல் ஏறி அவளும் பார்த்ததே இல்லை. ஒரு மூங்கில் படாரென்றால் போதும். அம்மாவின் கணக்குத் தப்பென்று சுடுகாடு வரைக்கும் பேசிக்கொண்டே வருவார்கள்.

தொண்டையைச் செருமினாள். வேலை நேரத்துக் குரல் தானாக வந்தது.

"ஏறுங்க, ஏறுங்க. படியில நிக்காதீங்க. உள்ள இடமிருக்கு."

பக்கத்து வீட்டு குண்டு டெய்லரக்கா செருப்பை உதறினாள். "தள்ளுங்கப்பா. என்னைத் தாங்கிட்டா அப்புறம் உங்களுக்கு என்ன கேடு?"

ஏறினாள். தரை வளைந்தது, முனகியது, நின்றது. டெய்லரக்கா அம்மாவின் தலையை நேராக்கி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் அழுதாள். பின்னாலேயே தெரு ஏறியது. அழுகைக்கு அழுகை தரை ஆடியது. ஒரு மூங்கில் கட்டுகூட அவிழவில்லை.

கீழே மாமா மட்டும் தனியே நின்றார்.

"மாமா, இடமிருக்கு," என்றாள் படியிலிருந்து. குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

தூணைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். அம்மாவின் கால்மாட்டில் அவர் உட்கார, தரை ஒருமுறை தாழ்ந்து எழுந்தது.

தரை இடுக்குகள் வழியே கீழிருந்து காற்று ஏறி, போர்த்தியிருந்த வெள்ளைத்துணியின் ஓரத்தைத் தூக்கியது. மாமா உள்ளங்கையால் அமுக்கினார். மறுபக்கம் எழுந்தது. எட்டி அதையும் அமுக்கினார். இந்தப் பக்கம் மறுபடி எழுந்தது.

அதை ஆட விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.