கோடு இல்லாத கட்டம்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என் கற்பனை வளத்தை யாரும் பாராட்டிச் சங்கடப்படுத்த வேண்டாம். இது ஒரு பட்டியலில் பிறந்தது.

நான் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் கல்விப் பிரிவுக் கண்காணிப்பாளர். பட்டம் வாங்குவதற்கான விதிகளை இருபத்தாறு வருஷமாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். என்னிடம் பட்டம் கிடையாது. பல்கலைக்கழகத்துக்குப் பொன்விழா வந்தது. மலருக்கு வரலாறு எழுத மூன்று பேராசிரியர்களைக் கேட்டார்கள். மூவருக்கும் திடீரென்று வேலை முளைத்தது. கடைசியில் பதிவாளர் என்னைக் கூப்பிட்டார்.

"பழைய ஃபைலெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு. நீங்களே எழுதிடுங்களேன்."

மூன்று அத்தியாயங்கள் மளமளவென்று ஓடின. மூன்று கல்லூரிகளை ஒன்றாக்கியது, நிலம் எடுத்தது, முதல் பட்டமளிப்பு. நான்காவது அத்தியாயம் 'கல்வி அமைப்பு'. கலை, அறிவியல், வேளாண்மை, கல்வியியல் என்று நான்கு புலங்களை வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் துறைகளைக் கட்டம் போட்டுக் கோடு இழுத்துக்கொண்டு வந்தேன். மொத்தம் இருபத்தேழு துறைகள். இருபத்தாறுக்குக் கோடு கிடைத்தது. புவியியல் துறை மட்டும் எதனோடும் சேராமல் காகிதத்தின் ஓரத்தில் தனியாக நின்றது.

2

தொடக்கங்கள் (கைவிட்டவை):

"காலப் பெருவெள்ளத்தில் கல்வியின் கலங்கரை விளக்கமாக" (வெள்ளத்தில் எதற்குக் கலங்கரை விளக்கம்? நிறுத்திவிட்டேன்.)

"அன்றைய கல்விப் பேரவைக் கூட்டத்தில் அனல் பறந்தது, உறுப்பினர்கள்" (கூட்டக் குறிப்பில் அனலைப் பற்றி ஒன்றுமில்லை. தேநீர் இரண்டு முறை தரப்பட்டது என்று இருக்கிறது.)

என் வீட்டுக்காரர் பேருந்து நடத்துனர். எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"யாரு, எங்க போறாங்கன்னு சொல்லு. அப்பதான் ஏறுவாங்க," என்றார்.

"இன்னும் யாரும் எங்கயும் போகலீங்க. ஒரு துறை இருக்கு. அதுக்கு இடம் இல்ல."

"அப்ப அதைச் சொல்லேன். சுத்தி வளைக்கிறியே."

சொல்கிறேன்.

3

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். துறைகளைப் புலங்களாகப் பிரிக்கக் கூட்டம் போட்டார்கள். புவியியலின் முறை வந்தது. "மண், மழை, மலை என்கிறார்கள். அது அறிவியல்" என்றார் கலைப்புலத் தலைவர். "ஊர், மக்கள், சந்தை என்கிறார்கள். அது கலை" என்றார் அறிவியல்புலத் தலைவர். வேளாண்மைக்காரர், மண்ணை மட்டும் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இருட்டும்வரை பேசிவிட்டு, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். அடுத்த கூட்டத்தில் விடுதிக் குளியலறைகளைப் பற்றிப் பேசினார்கள். பிறகு யாரும் கேட்கவில்லை.

(நடுவில் ஒரு வார்த்தை. உலகத்தையே வரைபடத்தில் வைக்கிறவர்களுக்கு நம் வரைபடத்தில் இடமில்லை என்று ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். படிக்க அழகாகத்தான் இருந்தது. துறையை நேரில் பார்த்த பிறகு அதை வைக்க மனசு வரவில்லை.)

பழைய கதைதானே என்று விட்டிருக்கலாம். ஆனால் புதுத் துணைவேந்தர், பத்து மாணவர்களுக்குக் குறைவான துறைகளை மூட உத்தரவிட்டிருந்தார். புவியியலில் ஏழு பேர். மூடுவதற்கு அந்தத் துறையின் புலம் பரிந்துரைக்க வேண்டும் என்பது விதி. கோப்பு கலைக்குப் போனது. "எமது புலம் அன்று" என்று திரும்பி வந்தது. அறிவியலுக்குப் போனது; அதே பதில். பதினொரு மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"வரலாறு எழுதறப்ப அது எந்தப் புலம்னு பார்த்துச் சொல்லிடுங்க. ஒரே வரி போதும்," என்றார் பதிவாளர்.

அந்த ஒரு வரியை எழுதினால் துறை போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது.

4

துறைத்தலைவரை எப்படி எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பம். வளாகத்தில் அவரை மேப் டீச்சர் என்பார்கள். முதல் வரைவில், தூசி படிந்த அறையில் உலக உருண்டையைத் தடவியபடி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் சோகமான பெண்மணியாக எழுதினேன். ஆளைப் பார்க்காமல் எழுதியது.

பார்க்கப் போனபோது அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் நின்றிருந்தார். கையில் அளவுகோல் கம்பு. எதிரே முக்காலியில் வைத்த, மேடு பள்ளம் அளக்கும் கருவிக்குப் பின்னால் மாணவர்கள்.

"கம்பை ஆட்டாதீங்க மேடம், ரீடிங் தப்புது," என்று ஒரு மாணவி கத்தினாள்.

"நான் ஆட்டலம்மா, சேறு ஆட்டுது."

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும். புலம் இல்லன்னு இருபது வருஷமா தெரியும். எங்கள யாரு கேக்கறா? லீவு லெட்டரக்கூட நேரா பதிவாளருக்குத்தான் அனுப்பறேன். சௌகரியமா இருக்கு."

"அப்ப நான் எழுதாம விட்டுடவா மேடம்? மலர்ல ஒரு வரி இல்லன்னா யாருக்கும் தெரியப் போறதில்ல."

அவர் கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"எங்க பசங்க சர்டிபிகேட்ல புலம்ங்கற இடத்துல ஒரு சின்னக் கோடு போட்டுத் தர்றீங்களே, பாத்திருக்கீங்களா? வேலைக்குப் போற இடத்துலெல்லாம் இது என்ன கோடுன்னு கேக்கறாங்க. போன வருஷம் ஒரு பொண்ணைத் திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்குச் சௌகரியம், அவங்களுக்கு இல்ல. எழுதுங்க."

பார்த்திருக்கிறேனா என்று கேட்டார். அந்தக் கோடு அத்தனையையும் தட்டச்சு செய்தது நான்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

5

எழுதினேன். பழைய கூட்டக் குறிப்பை அப்படியே எடுத்துப் போட்டேன். பதிவாளர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். முடிவாகாத பொருள் என்பதால் அது மறுபடியும் கல்விப் பேரவைக்குப் போயாக வேண்டும். போனது.

குறிப்பெடுக்க நானும் உட்கார்ந்திருந்தேன். இரண்டு புலத்தலைவர்களும் பழைய வாதத்தையே புதுக் குரலில் பேசினார்கள். மேப் டீச்சர் இரண்டே நிமிஷம் பேசினார். அந்த மாணவியைத் திருப்பி அனுப்பிய கடிதத்தைப் படித்தார். "எங்களை எதுல சேர்த்தாலும் சரி. சேர்த்துடுங்க," என்று உட்கார்ந்துவிட்டார். அறிவியல்புலத் தலைவர் அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, "எங்ககிட்ட வரட்டும்," என்றார். பழைய சான்றிதழ்களையும் திருத்தித் தருவது என்று முடிவானது.

(இங்கேயே முடித்துவிடலாம் என்றார் வீட்டுக்காரர். "நல்ல ஸ்டாப்பிங்," என்றார். ஆனால் கதை இறங்க மறுக்கிறது.)

புலம் கிடைத்துவிட்டதால் மூடும் விதி இப்போது செல்லும். துணைவேந்தர் மோசமான மனுஷர் இல்லை. சேர்க்கை முடியும் நாள்வரை அவகாசம் கொடுத்தார். பத்துப் பேர் வேண்டும். இருப்பது ஏழு.

6

பணியாளர்கள் பகுதிநேரமாகப் படிக்கலாம் என்று ஒரு விதி உண்டு. யாரும் பயன்படுத்தாத விதி. மேப் டீச்சர் அதைத் தேடிப் பிடித்தார்.

எட்டாவதாகச் சேர்ந்தவர் வளாகத்தின் குழாய்க்காரர். "பூமிக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். மேல என்ன இருக்குன்னு இவங்க சொல்லட்டும்," என்றார். ஒன்பதாவது, கலைப்புலத் தலைவரின் மனைவி; நூலகத்தில் வேலை பார்க்கிறார். "முப்பது வருஷமா அவர் சொல்றதைக் கேட்டாச்சு, இனிமே அறிவியல்தான்," என்று அவர் கையெழுத்துப் போட்டது வளாகம் முழுக்கப் பரவிவிட்டது.

மறுநாள் மேப் டீச்சர் என் மேஜைக்கு வந்தார். விண்ணப்பத்தை வைத்தார்.

"எனக்கு அம்பது வயசு மேடம்."

"மலைக்கெல்லாம் எவ்வளவு வயசு தெரியுமா?"

"கணக்குன்னா பயம்."

"பள்ளம் எங்க, மேடு எங்கன்னு பாக்கத் தெரியும்ல? அது போதும். மீதியை அன்னிக்கு ரீடிங் பாத்த பொண்ணு சொல்லித் தருவா. கத்துவா, கண்டுக்காதீங்க."

போய்விட்டார். அன்று மதியம் முழுக்க எனக்கு ஒரு கடிதம்கூட ஒழுங்காகத் தட்டச்சாகவில்லை.

7

முடிவுகள்:

(அ) கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடுகிறாள். துறை பிழைக்கிறது. எல்லோரும் (எழுத எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. என்னை நானே கதாநாயகி ஆக்கிக்கொள்வதா?)

(ஆ) கடைசி நாளில் வேறு யாரோ ஒருவர் வந்து சேர்ந்துவிடுகிறார். அவளுக்கு நிம்மதி. (நிம்மதி என்று எழுதிவிட்டு அடித்தேன். அது பொய்.)

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உனக்குப் போகணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு," என்றார். பதில் சொன்னேன். அது எங்களுக்குள்.

பத்தாவது பெயரை மலரில் போடவில்லை. இங்கேயும் போடப் போவதில்லை. நீங்களே வந்து பாருங்கள். எந்த வளாகமாக இருந்தாலும் சரி, தொட்டிக்குப் பின்னால் ஒரு நடுத்தர வயதுக்காரி சேற்றில் கம்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தால், அது நானா என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். கூப்பிட மட்டும் வேண்டாம். திரும்பிப் பார்த்தால் கம்பு ஆடிவிடும். அந்தப் பெண் கத்துவாள்.