பொம்மைக்குக் கட்டிய பெல்ட்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பிறந்தது என் கையெழுத்திலிருந்து.

அரியலூரில் மூன்று மாடிக் கல்யாண மண்டபம் கட்டிய இடத்தில் நான் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். தினமும் காலையில் சாரத்தில் ஏறி, பலகைகளைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்து, பச்சை அட்டையில் கையெழுத்திட்டு ஏணியடியில் மாட்ட வேண்டும். பச்சை தொங்கினால் ஆட்கள் ஏறலாம். நான் ஏறியதில்லை. டீ குடித்தபடி கீழிருந்தே கையெழுத்திட்டேன். ஓய்வு பெறும்வரை நாலாயிரம் அட்டை. (நாற்பதாயிரம் என்று எழுதியிருந்தேன். என் மனைவி சின்னம்மாள் ஒரு சைபரை அடித்துவிட்டாள்.)

2.

'இடி முழங்கிய அந்தக் காலையில், கருமேகங்கள்...'

வேண்டாம். சித்திரை மாதம், அரியலூர். மேகத்துக்கு எங்கே போவேன்?

'பதினோரு மணிக்குப் பாதுகாப்புச் சோதனைக்கு ஆபீசர் வருவதாக இருந்தது.' இது போதும்.

வேலைக்குப் பத்துப் பேர். உயரத்தில் கால் தவறினால் பிடித்து நிறுத்தும் பெல்ட்டும் பத்து. மேஸ்திரி கொளஞ்சி அதில் ஒன்றைக் கொண்டுபோய், மூன்றாம் மாடியில் திருஷ்டிக்கு நிறுத்தியிருந்த மீசைக்கார வைக்கோல் பொம்மைக்குக் கட்டிவிட்டார். தலையில் ஹெல்மெட்டும் வைத்தார்.

"பொம்மைக்கு எதுக்குய்யா?"

"ஆபீசர் மேல ஏற மாட்டாரு சார், உங்கள மாரியே. ரோட்டுலேர்ந்து அண்ணாந்து பாத்தா மொதல்ல தெரியறது இவந்தான்."

3.

இந்தக் கதையில் வீரம்மாளின் பேச்சைத்தான் நான் வெகுநாள் சந்தேகப்பட்டேன். சித்தாள் ஒருத்தி இவ்வளவு சுருக்கென்று பேசுவாளா என்று வாசகர் கேட்பாரே! (வசனத்தை மழுக்கிப் பார்த்தேன். மழுங்கவில்லை.) பெல்ட் இல்லாமல் போனது அவளுக்கு. சாந்துச் சட்டியோடு ஏணியடியில் நின்றாள்.

"அது வுழுந்தா வைக்கோலு செதறும் சார். நான் வுழுந்தா வூட்டுல ரெண்டு புள்ளைங்க நிக்கும்."

"ஆபீசர் போனதும் கழட்டித் தரச் சொல்றேம்மா."

"மேல பலவையாச்சும் கட்டியிருக்கா?"

நான் பச்சை அட்டையைக் காட்டினேன். அவள் அட்டையைப் பார்த்தாள். சாந்தே படாத என் முழங்காலைப் பார்த்தாள். ஏறினாள்.

4.

முடிவு ஒன்று: பலகை கட்டப்படவில்லை. அவள் காலை வைத்ததும் அது...

(இதை நான் எழுதப்போவதில்லை.)

முடிவு இரண்டு: பொம்மை கையை நீட்டி அவளைப் பிடித்துக்கொள்கிறது. (எழுதினேன். வெட்கமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.)

முடிவு மூன்று: நான் ஒரே மூச்சில் மூன்று மாடியும் ஏறி, பலகையைக் கட்டி, பொம்மையின் பெல்ட்டை அவிழ்த்து அவளுக்கு மாட்டுகிறேன். ரோட்டிலிருந்து ஆபீசர் குறிப்பெழுதுகிறார்: 'மேலே மீசைக்காரர் ஒருவர் பெல்ட் இல்லாமல் நிற்கிறார். அழைத்தும் இறங்க மறுக்கிறார்.'

நடந்தது மூன்றாவதுதான் என்று பெரம்பலூர் பஸ்ஸில் பாதிப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். வீரம்மாளின் ஊரான வாலிகண்டபுரத்தில் மட்டும் சொன்னதில்லை.

5.

ஆகவே கதையை இங்கேயே நிறுத்தியிருக்கிறேன். அவளுடைய ஒரு கால் ஏணியில். மறு கால் பலகைக்கு மேலே, இன்னும் அந்தரத்தில். உங்கள் கையில் பச்சை அட்டை. என் பெயரை அழித்துவிட்டேன், இடம் காலியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் ஏறிப் பார்த்துவிடுங்கள்.

ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். கீழே நிற்பதில் எனக்கு நல்ல அனுபவம்.