பதினாறு எண் சொல்லப் பதினொரு நிமிடம்

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. குளியலறையில் பிரஷ் விழுந்த சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாயோரம் நுரை, கண்ணில் ஒரு கேள்வி. அவருக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. முப்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். கட்டிடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் நின்றுகொண்டு, தரைத்தளத்தில் இருப்பவனுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்த மனிதர்.

பக்கவாதம் என்றார்கள்; ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தோம். கால் சீக்கிரம் தேறியது. வலது கை பாதி திரும்பியது. பேச்சுதான் திரும்பவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரியும், பதிலும் உள்ளே தயாராக இருக்கும், வெளியே வராது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "தினமும் அரை மணி நேரமாவது பேச வைங்க. முக்கியமா போன்ல. நேர்ல இருந்தா கையைக் காட்டித் தப்பிச்சுக்குவார். போன்ல வாயைத் தொறந்துதான் ஆகணும்."

பேசலாம், யாரோடு பேசுவது? அவருடைய அக்கா தினமும் பத்து மணிக்குக் கூப்பிடுவார்.

"தம்பி, சாப்பிட்டியா?"

"சா..."

"சாப்பிட்டியா, நல்லது. மருந்து போட்டியா? போட்டிருப்பே. ராத்திரி தூங்கினியா? எங்க தூங்கியிருக்கப் போறே, பாவம். சரி, உடம்பைப் பாத்துக்கோ."

கேள்வியையும் பதிலையும் அவரே முடித்துவிட்டு போனை வைப்பார். பாசத்துக்குக் குறைச்சல் இல்லை, பொறுமைக்குத்தான் குறைச்சல். நண்பர்கள் இரண்டு வாரம் கூப்பிட்டார்கள். அப்புறம் அவர்களுக்கும் வேலை இருந்தது.

நானும் ஒன்றும் உசத்தியில்லை. லேப் ஒன்றில் ரத்தம் எடுக்கும் வேலை எனக்கு. காலை ஆறு மணிக்கெல்லாம் வாசலில் வரிசை நிற்கும். ஆளுக்கு மூன்று நிமிடம்; கையை மடக்கு, முஷ்டியை இறுக்கு, ஆச்சு, அடுத்தது. அந்த வேகத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டு வந்துவிடுவேன். அவர் "த..." என்றால் தண்ணீரைக் கொண்டு வந்து நீட்டுவேன். ஒரு நாள் அப்படி நீட்டிய டம்ளரை அவர் தட்டிவிட்டார். அவர் கேட்டது தலையணை. அதற்குப் பிறகு "த" என்று ஆரம்பிப்பதையே விட்டுவிட்டார்.

நான்காவது மாதம். மதியம் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன். உள்ளே யாரோ பேசும் சத்தம். டிவி என்று நினைத்தேன்.

"ஏ... ழு."

"சூப்பர் சார், ஏழு. எழுதிக்கிட்டேன். அடுத்தது?"

"மூ... மூ..."

"மெதுவா சொல்லுங்க சார். ஒரு அவசரமும் இல்ல."

செருப்பைக் கழற்றக்கூட மறந்து ஓடினேன். மேசைமேல் போன், ஸ்பீக்கரில் ஓர் இளைஞனின் தேன் குரல். 'உங்க ஏடிஎம் கார்டு பிளாக் ஆயிடுச்சு' வகை. லேப்பில் என்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் மாமனாரை இந்த மாதிரி ஒருவன்தான் ஒரே மதியத்தில் மொட்டையடித்துவிட்டிருந்தான். எனக்கு உயிரே போய்விட்டது. போனைப் பிடுங்கக் கை நீட்டினேன். அவர் இடது கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். பிறகு அதே கையால் மேசைமேல் இருந்ததைத் தூக்கிக் காட்டினார்.

பிஸ்கட் பாக்கெட். அதன் பின்னால் கோடு கோடாக இருக்குமே, அதற்குக் கீழே பதிமூன்று எண்கள். மீதி மூன்றுக்குச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டார்.

பதினாறு எண்ணும் முடிய பதினொரு நிமிடம் ஆயிற்று. போன் திரையிலேயே நேரம் தெரிந்தது. அவன் ஓர் இடத்தில்கூடக் குறுக்கே வரவில்லை. எந்த எண்ணையும் அவனாக ஊகித்துச் சொல்லவில்லை. சொன்னால் அவன் பிழைப்புக் கெட்டுவிடுமே!

"கார்டு எந்த மாசம் எந்த வருஷத்தோட முடியுது சார்?"

என் வீட்டுக்காரர் பாக்கெட்டைத் திருப்பி, பிஸ்கட் எப்போது கெட்டுப்போகும் என்பதைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் படித்தார். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம்.

"எர்ரர் காட்டுது சார். ஒரு நம்பர் எங்கேயோ தப்பாயிடுச்சு. சிரமம் பாக்காம இன்னொரு தடவை சொல்றீங்களா?"

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! நாலு மாதமாக அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இல்லை.

"மு... முதல்ல... இருந்தா?" என்றார்.

நான் சமையலறைக்கு ஓடிப்போய் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். ஊரை ஏமாற்றுகிறவன் ஒருவன் என் புருஷனிடம் 'அவசரமே இல்ல' என்கிறான். பெண்டாட்டி ஒரு தடவையாவது அதைச் சொல்லியிருக்கிறேனா?

அன்று மாலையே சில ஏற்பாடுகள் செய்தேன். அவர் போனில் இருந்த இரண்டு சிம் கார்டில் வங்கிக்குக் கொடுத்திருந்ததை மட்டும் என் போனுக்கு மாற்றினேன். அவர் போனில் வங்கி சம்பந்தப்பட்ட எதையும் விட்டுவைக்கவில்லை. கார்டு என் பைக்குப் போனது. "உண்மையில ஒரு எழுத்துகூட வெளிய போகக்கூடாது. பொய் எவ்வளவு வேணா சொல்லிக்கோங்க" என்றேன். சத்தியம் செய்வதுபோல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

இந்த எண்ணில் ஓர் ஆள் எடுத்து நிதானமாகப் பேசுகிறார் என்ற செய்தி அவர்கள் உலகத்தில் பரவிவிட்டது போலிருக்கிறது. போன் ஓயவில்லை. பரிசு விழுந்திருக்கிறது என்றவன், மனை விற்கிறவன், கடன் வாங்கியே தீரவேண்டும் என்று கெஞ்சுகிறவள் என எல்லோரும் வந்தார்கள். மனைக்காரனிடம் ஒரு வாரம் பேசி, மாடியே இல்லாத வீட்டுக்கு லிஃப்ட் வைக்க இடம் விடச்சொல்லி அவனைக் கிறுக்காக்கினார்.

ஒரு நாள் போலீஸ் அதிகாரி என்று ஒருவன். நான் வீட்டில் இருந்தேன்.

"உங்க பேர்ல ஒரு பார்சல் பிடிபட்டிருக்கு. உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"எ... என்ன கலர்?"

"என்னது?"

"பா... பார்சல்."

"யோவ், விளையாடறியா? உன்னை டிஜிட்டல்ல அரெஸ்ட் பண்ணியாச்சு. ரூமை விட்டு வெளிய வரக்கூடாது. யார்கிட்டயும் பேசக்கூடாது. புரியுதா?"

"சார்... அ... அஞ்சு மாசமா... அப்படித்தான் இருக்கேன்."

நான் இந்தப் பக்கம் சிரிப்பை அடக்க முடியாமல் வெடித்துவிட்டேன். அந்த அதிகாரி போனை வைத்துவிட்டான்.

எல்லோரும் திருடர்கள் இல்லை. தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கும் பெண் ஒருத்தி உண்டு. வயிற்றுப் பிழைப்புக்காகக் கூப்பிடுகிறவள். அவளிடம் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. மெஷின் வாங்கமாட்டேன், எனக்குப் பேச்சு வராது, பழகிக்கொண்டிருக்கிறேன் என்பதைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார்.

"பரவால்ல சார், பேசுங்க" என்றாள் அவள். "எல்லாரும் ஹலோ சொன்னதும் கட் பண்ணிடறாங்க. ஒரு கால் மூணு நிமிஷமாவது ஓடலைன்னா எங்க லீடர் திட்டுவார். உங்களால இன்னைக்கு நான் தப்பிச்சேன்."

அதிலிருந்து வாரம் இரண்டு தடவை கூப்பிட்டாள். மெஷினில் எத்தனை வடிகட்டி, எது எதை நிறுத்தும் என்று அவள் சொல்ல, இவர் திருப்பிச் சொல்வார். அவளுக்கு நிமிடம் ஏறியது, இவருக்கு வார்த்தை ஏறியது. யார் யாருக்கு நன்றி சொல்வது என்று இரண்டு பேருக்கும் போட்டி.

பயிற்சி கொடுக்கும் அம்மா அடுத்த முறை பரிசோதித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ரொம்ப நல்ல முன்னேற்றம். யார்கூடப் பேசறீங்க?"

"தி... திருடங்க கூட."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கோப்பில் 'நண்பர்களுடன்' என்று எழுதிக்கொண்டார்.

ஏழாவது மாதம் அந்தப் பழைய கார்டுக்காரன் திரும்பக் கூப்பிட்டான். குரலைக் கேட்டதுமே என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இந்த முறை பதினாறு எண்ணும் இரண்டே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

"சார், போன தடவை வேற நம்பர் சொன்னீங்களே?" அவன் குரலில் தேன் வற்றியிருந்தது.

"அது பிஸ்கட். இது... சோப்பு."

அவ்வளவுதான். அவன் திட்ட ஆரம்பித்தான். இங்கே எழுத முடியாத வார்த்தைகள். இவர் அவன் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"தம்பி," என்றார் பிறகு, "எனக்கு... பேச்சு போயிடுச்சு. எல்லாரும்... எனக்குப் பதிலா பேசினாங்க. நீ மட்டும்தான்... என்னைப் பேச விட்டே. ரொம்ப நன்றி. இந்த வேலை... வேண்டாம்ப்பா. வேற ஏதாவது பாரு."

அவன் போனை வைத்துவிட்டான். அவன் திருந்தினானா, அடுத்த வீட்டுக்குப் போன் போட்டானா, தெரியாது. எத்தனை குடும்பத்தின் வயிற்றெரிச்சல் அவன்மேல் இருக்கிறதோ, அதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் கடவுளிடம் நன்றி சொல்லும்போது அவன் நினைப்பும் கூடவே வந்து நிற்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

அந்த மாதக் கடைசியில் கம்பெனி சூப்பர்வைசர் பார்க்க வந்தார். முன்பு ஆப்பிளோடு வந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனவர். இந்த முறை வந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு பரிசுக்காரனோடு மும்முரமாக இருந்தார். சூப்பர்வைசர் செருப்போடு வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார், சிரித்த கண்ணீர்தான்.

"ஏன்ப்பா, ஏணி ஏறத்தான் முடியாது. போன் எடுக்க முடியுமில்ல?"

லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டவர்கள் அலாரத்தை அழுத்தினால் கம்பெனிக்குப் போன் வரும். எடுக்கிற பிள்ளைகள் 'ஆள் வர்றாங்க, வெயிட் பண்ணுங்க' என்று வைத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் பயத்தில் கதவைப் பிளக்கப் பார்க்கிறார்கள். நிதானமாகப் பேச ஓர் ஆள் வேண்டும், லிஃப்டைத் தெரிந்த ஆளாக. ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.

முதல் நாள் நானும் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். சின்ன அறை, இரண்டு மேசை, காதில் மாட்டும் கருவி. பதினொரு மணிக்கு முதல் அழைப்பு வந்தது.

"யாராவது இருக்கீங்களா? லிஃப்ட் நின்னுடுச்சு! லைட்டும் போயிடுச்சு! எனக்கு மூச்சு முட்டுது!" ஒரு பெண்ணின் குரல்.

"இருக்கேன்ம்மா. உள்ள... எத்தனை பேர்?"

"நான் ஒருத்திதான். காத்து தீர்ந்துடுமா?"

"தீராதும்மா. மேல... காத்து வர ஓட்டை இருக்கு. கீழயும் இருக்கு. டப்பா மாதிரி... மூடி வைக்க மாட்டாங்க."

"கயிறு அறுந்துடுச்சுன்னா?"

"ஒரு கயிறு இல்லம்மா. அஞ்சு. ஒண்ணே போதும்... தாங்கறதுக்கு. மிச்சம் நாலும்... உங்க பயத்துக்குப் போட்டது."

அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே ஒரு சத்தம் வந்தது.

"நீங்க ஏன் சார் இவ்வளவு மெதுவா பேசறீங்க?"

"எனக்கு... வாயில லிஃப்ட் நின்னுபோச்சும்மா. எட்டு மாசம். இப்பதான்... ஓடுது. உங்களுது... இருபது நிமிஷத்துல ஓடிடும். உக்காந்துக்கோங்க. கதவைத் தொடாதீங்க. உங்க வீட்டுல... யார் யார் இருக்காங்க, சொல்லுங்க."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். மாமியார், இரண்டு பெண்கள், ஒரு பூனை. இருபத்திரண்டு நிமிடத்தில் மெக்கானிக் கதவைத் திறந்தபோது பூனையின் கதை பாதியில் இருந்தது. முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாளாம். ஒரு வாரம் என்றது நிரந்தரமாகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை காலை லேப்பில் வரிசை நீண்டிருந்தது. போன் அடித்தது. அவர்தான். பதறிப்போய் எடுத்தேன்.

"என் நீலக் கட்டம் போட்ட சட்டையை எங்க வெச்சே?"

"அது கிழிஞ்சுபோச்சுங்க. தரை துடைக்க எடுத்துக்கிட்டேன்."

பிடித்துக்கொண்டார். யாரைக் கேட்டு எடுத்தாய், காலரில் மட்டும்தான் நைந்திருந்தது, உன் பழைய புடவை ஒன்றையாவது நான் தொட்டிருக்கிறேனா, இந்த வீட்டில் என் சாமானுக்கு மரியாதையே கிடையாதா என்று ஒரே மூச்சில், ஒரு வார்த்தையில்கூடத் திக்காமல் நாலு நிமிடம் சண்டை போட்டார். ரத்தம் கொடுக்க நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்னையே பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"என்ன, பதிலே காணோம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்லங்க," என்றேன். "இன்னும் திட்டுங்க."