நீலம் படாத கை

தீவைச் சுற்றி வருஷா வருஷம் நடக்கும் அந்த நடைப் பந்தயத்தில் ஓடினால் அவுட். அது எல்லாருக்கும் தெரியும். நடப்பவரை வேறொருவர் தொட்டாலும் அவுட். விழுந்தால் தானே எழ வேண்டும், இல்லையென்றால் அங்கேயே கிடக்க வேண்டும். யாரும் தில்லுமுல்லு செய்யாமலிருக்க, புறப்படும் இடத்திலேயே ஒவ்வொருவர் தோளிலும் கையிலும் எண்ணெயில் குழைத்த நீலத்தைப் பூசிவிடுவார்கள். தொட்டவன் கையே அவனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

போன வருஷம் இஸ்திரிக்காரியின் கணவன் கை அப்படித்தான் காட்டிக் கொடுத்தது. அவளுக்குச் சலவைக்கடையில் வேலை. காலையிலிருந்து சாயந்தரம் வரை நின்றே உரம் ஏறிய கால்கள். முதல் தடவை நடந்தவள், கலங்கரை விளக்கத்து ஏற்றத்தில் எல்லாரையும் பின்னால் தள்ளிவிட்டு, கணவனின் அண்ணனை நெருங்கிவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் முதலில் வருகிறவர் அவர்தான். ஊரே அவரைச் சாம்பியன் என்றுதான் கூப்பிடும், வீட்டில் அவர் அம்மா உட்பட. அவரை முந்தப்போகும் நேரத்தில் அவள் கால் ஒரு கல்லில் லேசாக இடறியது. இடறியதே தவிர அவள் விழவில்லை. ஆனால் தண்ணீர் பாட்டிலோடு ஸ்கூட்டரில் கூடவே வந்த கணவன், வண்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து இரண்டு தோளையும் பிடித்துவிட்டான். நடுவர் வந்து அவன் கையைத் திருப்பிப் பார்த்தார். அதோடு அவள் பந்தயம் முடிந்தது.

"பொண்டாட்டி விழறப்ப விதியா ஞாபகம் வரும்?" என்றான். அந்த ஒரு பேச்சுக்கு ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைக்குத் துணி கொண்டுவந்தவர்களெல்லாம் நீ கொடுத்து வைத்தவள் என்றார்கள். அவள், நான் விழவேயில்லை என்று சொன்னால், நன்றி கெட்டவள் என்ற பட்டம் வேறு கிடைத்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒருவேளை நிஜமாகவே பாசத்தில்தான் பிடித்தானோ என்று அவளுக்குள்ளேயே ஒரு மூலை நம்பியதே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

இந்த வருஷமும் அவன்தான் தண்ணீர் தருகிறவன். ஒரு வீட்டுக்கு ஒரு துணையாள் என்பது விதி. புறப்படும்போதே அவள் சொல்லிவிட்டாள்: "நான் செத்து விழுந்தாலும் தொடாதீங்க." அவன் சிரித்து மழுப்பினான்.

அதே ஏற்றம் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் சாம்பியனின் நடை தள்ளாடிக்கொண்டிருந்தது. தம்பிக்காரன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அண்ணன் பக்கத்திலேயே நடந்தான். அவள் நெருங்கி வரும்போது சாம்பியனின் முழங்கால் மடங்கியது. பக்கத்தில் கருங்கல் கொட்டி வைத்த பள்ளம்.

"பிடிங்க, விழறாரு," என்று கத்தினாள். பந்தயம் அந்த நிமிஷம் அவளுக்கு நினைவில்லை.

அவன் இரண்டு கையும் நீண்டன. அண்ணனின் தோளுக்கு ஒரு சாண் இருக்கும்போது அப்படியே நின்றன. பிறகு அவன் அவற்றை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, சமாளிச்சுக்கோ. நான் தொட்டா எல்லாம் போச்சு," என்றான்.

சாம்பியன் குப்புற விழுந்தார். மோவாய் கிழிந்து ரத்தம் கொட்டியது. கையை ஊன்றி எழப் பார்த்தார், முடியவில்லை. நடுவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அப்போதும் அவன் கை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

அவள் நடந்தாள். மீதி தூரத்தை அவள் கால் நடக்கவில்லை, கோபம்தான் நடந்தது. அன்பாம், பெரிய அன்பு! ஒரு வருஷம் முழுக்க இந்தப் பொய்க்கு உப்புப் போட்டுச் சமைத்துக் கொட்டியிருக்கிறாளே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. எல்லைக் கயிற்றைத் தாண்டியபோது கைதட்டல் கேட்டது. முதலில் வந்தது அவள்தான் என்று யாரோ மைக்கில் சொன்னார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கணவன் வந்தான். வாயெல்லாம் பல்லாக, கட்டிப்பிடிக்கக் கையை விரித்துக்கொண்டு வந்தான்.

"கையைக் காட்டுங்க," என்றாள்.

ஏதோ விளையாட்டு என்று நினைத்து உள்ளங்கை இரண்டையும் நீட்டினான். பொட்டு நீலமில்லை.

"போன வருஷம் நான் விழல. பிடிச்சீங்க. இன்னிக்கு உங்க அண்ணன் நெசமாவே விழுந்தாரு. விதி நல்லா ஞாபகம் இருந்துச்சே."

அவன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு அசட்டுச் சிரிப்போடு அவள் தோளை நோக்கி மறுபடியும் கையைக் கொண்டுபோனான்.

"தொடாதீங்க."

"பந்தயம்தான் முடிஞ்சிருச்சே," என்று இழுத்தான்.

"நான் பந்தயத்துக்காகச் சொல்லல," என்றாள்.